கதவை அடைத்த குடித்தனக்காரன்

செருப்புக் கடைக்குப் பின்னால் ஓடும் சாக்கடையின் மூடி ஓரமாக விலகியிருந்தது. அக்கா அதைத் தாண்டி நாலடி போய்விட்டார். பிறகு நின்றார், திரும்பினார், கைப்பையைத் திறந்து எதையோ எடுத்துக்கொண்டு பையைக் கணவரிடம் நீட்டினார். பையை வாங்கிக்கொள்ள வேண்டும், எதற்கு என்று கேட்கக் கூடாது என்பது கணவருக்கு எப்போதோ பழகிவிட்ட பாடம். ஆனால் அன்று இருவரும் கணவருடைய முதலாளி வீட்டு விருந்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அக்கா உடுத்தியிருந்ததோ நல்ல நாள் பெரிய நாளுக்கு மட்டும் அலமாரியை விட்டு வெளியே வரும் உடை.

“இன்னைக்குமா?” என்றார் கணவர்.

“நேத்து மழை பேஞ்சிருக்கு. இன்னைக்கு விட்டா இந்த மாதிரி கலங்கல் கிடைக்காதுங்க.”

“யாராவது பாத்தா என்ன நினைப்பாங்க?”

“சாவி விழுந்துருச்சுன்னு நினைப்பாங்க. நீங்க கொஞ்சம் தேடுற மாதிரி நில்லுங்க.”

அவர் தேடுகிற மாதிரி நின்றார். கொஞ்சம் நன்றாகவே தேடிவிட்டார் போலிருக்கிறது. அந்த வழியாகப் போன ஒருவர் கைபேசி விளக்கைப் போட்டுக்கொண்டு உதவிக்கு வந்து, இல்லாத சாவி கிடைக்காமல் போகிற வரைக்கும் கூட இருந்து, வருத்தப்பட்டுவிட்டுப் போனார். அதற்குள் அக்கா நூல் கட்டிய குட்டிப் பாட்டிலைச் சாக்கடைக்குள் இறக்கி, நிரப்பி, மூடி, துடைத்து, உறைக்குள் உறை போட்டுப் பைக்குள் வைத்தாயிற்று. விருந்து முடியும்வரை அந்தப் பை முதலாளியம்மாவின் வெள்ளை சோபாவில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. கணவருக்குத்தான் சூப் தொண்டையில் இறங்கவில்லை.

ஆராய்ச்சி நிலையம் முழுக்க அவருக்குச் சாக்கடை அக்கா என்றுதான் பெயர். ஒரு கூட்டத்தில் இயக்குநர் அம்மாவே வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அக்காவுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. “படிச்சு வாங்கின பட்டத்தைச் சொல்லி ஒருத்தரும் கூப்பிடறதில்ல. இது நானா இறங்கிச் சம்பாதிச்சது” என்பார்.

சாக்கடையில் அவர் தேடுவது வைரஸ்களை. அதிலும் மனிதர்களைச் சீண்டாத, பாக்டீரியாவை மட்டுமே பிடிக்கும் வைரஸ்களை. நமக்குச் சளி பிடிக்கிற மாதிரி பாக்டீரியாவுக்கும் பிடிக்கும் என்று புதிதாக யாரிடமாவது சொல்லக் கிடைத்துவிட்டால் அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டும். அடுத்த வீட்டு ரகசியம் சொல்கிறவர்களுக்கு வரும் பூரிப்பு. “பாவம், கண்ணுக்கே தெரியாத உசுரு. அதுக்கும் நோவு வருது, யோசிச்சுப் பாருங்க!” இந்தப் பரிதாபம் ரொம்ப நேரம் நிற்காது. அடுத்த வாக்கியத்திலேயே கட்சி மாறி வைரஸின் சாமர்த்தியத்தைப் புகழ ஆரம்பித்துவிடுவார்.

கண்டுபிடித்த வைரஸ்களுக்கு எடுத்த இடத்தையே பெயராக வைப்பது அவர் வழக்கம். மீன் சந்தை, பள்ளிக்கூடப் பின்பக்கம், பஸ் டிப்போ, சலவைக்கடை. பாக்டீரியாவைத் தட்டில் பால் ஆடை போலப் படரவிட்டு, மேலே ஒரு துளி விட்டால், வைரஸ் இருக்கிற இடத்தில் ஆடை கரைந்து வட்டமாக ஓட்டை விழும். மற்றவர்களுக்கு எல்லா ஓட்டையும் ஒன்றுதான். அக்காவோ பெற்ற பிள்ளைகளை அடையாளம் சொல்வது போலச் சொல்வார். “இவன் மீன் சந்தை. சுத்தமா வழிச்சுட்டுப் போயிடுவான், முரடன். இவன் சலவைக்கடை. நடுவுல லேசா மங்கலா விட்டு வைப்பான், பாத்தீங்களா? ஊமைக்குசும்பன்.”

வீட்டில் ஃப்ரிட்ஜின் அடி இழுப்பறை அக்காவுடையது. அதற்குக் கணவர் பூட்டுப் போட்டிருக்கிறார். அவர் பெரிய ஹோட்டலில் தலைமைச் சமையல்காரர். சுத்தம் என்றால் உயிரை விடுகிறவர். “கறி வெட்டின பலகையில காய் வெட்டினவனை வேலைய விட்டே அனுப்பியிருக்கேன். என் வீட்டு ஃப்ரிட்ஜுல சாக்கடை! வெளிய தெரிஞ்சா எங்க ஹோட்டல்ல யாராவது சாப்பிடுவாங்களா?” என்று வாரம் ஒரு முறையாவது புலம்புவார். “மூடி இறுக்கமா இருக்குங்க. உங்க தயிர் டப்பாவைவிட இறுக்கம்” என்பது அக்காவின் நிரந்தரப் பதில். பூட்டின் சாவி எங்கே இருக்கிறது என்பது தனக்குத் தெரியும் என்பதை மட்டும் சொல்வதில்லை.

ஆனால் வேலை செய்யும் இடத்தில் அக்கா வேறு ஆள். அவருடைய அறையின் நடுவே தரையில் மஞ்சள் நாடா ஒட்டியிருக்கும். இடது பக்கம் வைரஸ், வலது பக்கம் பாக்டீரியா. நாடாவைத் தாண்டுகிறவர்கள் கோட்டு, கையுறை, செருப்பு எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். முழங்கை வரை கழுவ வேண்டும். விளக்கு மாட்ட வந்த எலக்ட்ரீஷியனைக்கூட ஏணியோடு திருப்பி அனுப்பியிருக்கிறார். “வைரஸ் ஆடு மாதிரிங்க. வேலியில சந்து இருந்தா போதும், தோட்டம் காலி” என்பார். இந்தச் சட்டத்தை எழுதியவர் அவர்தான் என்பதையும், அதில் கோட்டை விட்டவரும் அவர்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லத்தான் இவ்வளவும்.

நாடாவுக்கு வலது பக்கம் இருப்பவரைக் கைராசிக்காரர் என்பார்கள். அக்கா மட்டும் அண்ணே என்று கூப்பிடுவார். பல வருடச் சண்டையில் வந்த உறவு. கைராசிக்காரரின் வேலை பாக்டீரியாவுக்கு டி.என்.ஏ. ஊட்டுவது. சில பாக்டீரியா வகைகளுக்கு ஒரு பழக்கம் உண்டு: அக்கம்பக்கத்தில் செத்தது, உடைந்தது என்று சிதறிக் கிடக்கும் டி.என்.ஏ. துணுக்குகளைத் தன் உடம்புக்குள் இழுத்துத் தன்னுடையதாகவே தைத்துக்கொள்ளும். அதற்கென்று அதன் மேல்தோலில் ஒரு வாசலே இருக்கிறது. கைராசிக்காரர் வளர்ப்பது அப்படி ஒரு வகை. கிடைத்ததையெல்லாம் இழுத்துக்கொள்வதால் அதற்குப் பெருந்தீனி என்று பெயர் வைத்திருந்தார்.

மற்றவர்கள் ஊட்டினால் பெருந்தீனி சில நாள் வாயைத் திறக்கும், சில நாள் முறைத்துக்கொள்ளும். கைராசிக்காரர் போட்டால் போட்டதுதான். மாடிக்கு மாடி ஆட்கள் குழாயில் டி.என்.ஏ.வை எடுத்துக்கொண்டு வந்து, “சார், உங்க கையால போட்டுக் குடுங்க” என்று நிற்பார்கள். ஆள் சிடுமூஞ்சி. இருந்தாலும் அந்தச் சமயத்தில் மட்டும் முகம் இளகும். அந்தக் கையை அவர் பேணிய விதமே தனி. கனமான பை தூக்க மாட்டார், கதவை முழங்கையால்தான் தள்ளுவார், நகம் எப்போதும் ஒட்ட வெட்டியிருக்கும்.

“உங்க வைரஸ் என்னத்துக்கு? கொல்லத்தான் தெரியும்” என்று அவர் நாடாவுக்கு அந்தப் பக்கமிருந்து ஆரம்பிப்பார்.

“கொன்னா என்னண்ணே? வீடு உடைஞ்சாத்தானே சாமான் தெருவுக்கு வரும். உங்க பெருந்தீனி பொறுக்கித் தின்னுறது எங்காளு உடைச்சுப் போட்டதைத்தான்” என்பார் அக்கா இந்தப் பக்கமிருந்து.

“பொறுக்கின்னு சொல்லாத. அது எடுத்து உபயோகிக்குது.”

“சரி, எங்காளு கொலைகாரன், உங்காளு கௌரவமானவன். காப்பி குடிப்போமா?”

இப்படி நாள் தவறாமல் நடந்துகொண்டிருந்தது. அக்காவுக்கு அந்தச் சண்டை இல்லாமல் காப்பி ருசிக்காது. எப்போதாவது கை ஒழிந்தால் கழுவி, கோட்டு மாற்றி, நாடாவைத் தாண்டிப் போய் அண்ணனுக்குக் குழாய் பிடித்துக் கொடுக்கவும் செய்வார்.

ஒரு நாள் பெருந்தீனி தின்பதை நிறுத்திவிட்டது.

முதலில் கைராசிக்காரர் பொருட்படுத்தவில்லை. பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து கலந்த தட்டில்தான் சோதனை. ஊட்டிய டி.என்.ஏ.வில் அந்த மருந்தைத் தாங்கும் வித்தை இருக்கும். உள்ளே இழுத்துக்கொண்ட பாக்டீரியா பிழைத்துப் புள்ளி புள்ளியாக வளரும், இழுக்காதது சாகும். இத்தனை நாளும் காலையில் திறந்தால் புள்ளிகள் வானத்து நட்சத்திரமாகக் கிடந்தன. இப்போது தட்டு துடைத்து வைத்த மாதிரி இருந்தது. மறுநாளும் அப்படியே. டி.என்.ஏ.வை மாற்றிப் பார்த்தார், மருந்தை மாற்றிப் பார்த்தார், ஃப்ரீசரிலிருந்து பழைய குழாயை எடுத்துப் பெருந்தீனியைப் புதிதாக வளர்த்தும் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. குழாயோடு வந்து நின்றவர்கள் ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள்.

அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. தினமும் கழுவி, கோட்டு மாற்றி, கையுறை மாற்றி, நாடாவைத் தாண்டிப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். “நான் பிடிச்சுக்கிறேண்ணே, நீங்க ஊத்துங்க” என்று குழாயைப் பிடித்துக்கொள்வார். தட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். “ஒண்ணு இருக்க மாதிரி இருக்கே?” என்பார். இருக்காது.

ஒரு மதியம் சாப்பாட்டு மேசையில் கைராசிக்காரர் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “கை போயிருச்சும்மா. எனக்கே தெரியுது. லேசா ஒரு நடுக்கம். ஸ்டோருக்கு மாத்திக் குடுங்கன்னு இயக்குநர்கிட்ட கேட்டுட்டேன். அங்க சாமான் எண்ணுறதுக்குக் கைராசி தேவையில்ல.”

அக்கா அன்று ரொட்டியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். நடுக்கம் எதுவும் அவர் கண்ணில் படவில்லை. சாயங்காலம் கைராசிக்காரர் கொட்டப் போன குடுவையை வாங்கி வந்தார். அதிலிருந்த பாக்டீரியாவை வடிகட்டி எடுத்துவிட்டு, வெறும் தெளிநீரை மட்டும் ஒரு துளி, ஃப்ரீசரின் அடியில் யாரும் தொடாமல் கிடந்த ஆதிகாலத்துப் பெருந்தீனியின் மேல் விட்டார். ஏன் அப்படிச் செய்தார் என்றால், வேறொன்றும் செய்யத் தெரியாது என்பதால்தான். எந்தச் சிக்கலுக்கும் அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அது.

காலையில் ஆடையில் வட்டம் வட்டமாக ஓட்டை. ஒவ்வொன்றின் நடுவிலும் லேசான மங்கல்.

“அடப்பாவி, சலவைக்கடை!” என்றார் அக்கா, காலியான அறையில், சத்தமாக. அடுத்த கணம் தட்டை மெல்ல மேசையில் வைத்தார்.

சலவைக்கடை அவர் கொண்டு வந்தது. அவர் பக்கத்து ஆள். நாடாவைத் தாண்டி எப்படிப் போனான்? கோட்டு மாற்றினோம், செருப்பு மாற்றினோம், கையுறை மாற்றினோம் என்று யோசித்துக்கொண்டே, நழுவிய மூக்குக்கண்ணாடியை விரலால் மேலே தள்ளினார். தள்ளிய விரல் அங்கேயே நின்றுவிட்டது. தளர்ந்துபோன சட்டம், நிமிடத்துக்கு ஒரு முறை தள்ளியாக வேண்டும். வைரஸ் மேசையில் தள்ளுகிறோம். கழுவிவிட்டு, புதுக் கையுறை போட்டுக்கொண்டு, பாக்டீரியா மேசையில் போய் மறுபடியும் தள்ளுகிறோம். அதே விரலால் அண்ணனுடைய குழாயைப் பிடித்துக்கொள்கிறோம். முன்பு ஒத்தாசைக்குப் போன நாளிலும், பிறகு ஆறுதல் சொல்லப் போன ஒவ்வொரு நாளும் வைரஸையும் கையோடு கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். எலக்ட்ரீஷியனின் ஏணியைத் திருப்பி அனுப்பியவருக்குத் தன் மூக்கின் மேல் உட்கார்ந்திருந்தது தெரியவில்லை.

உடனே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வைரஸ் உள்ளே இருக்கிறது என்பது சரி, தின்னாமல் போனதற்கும் அதுதான் காரணமா என்பது தெரியாமல் வீணாக ஆசை காட்டக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது உண்மைதான். சொன்னால் வைரஸ் மேசையை அந்த அறையை விட்டே எடுத்துவிடுவார்கள் என்ற பயமும் உண்மைதான். பெருந்தீனியின் டி.என்.ஏ.வை எழுத்தெழுத்தாகப் படிக்கும் இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டு, விடை வரும்வரை வீட்டில் சரியாகச் சாப்பிடாமல் இருந்தார்.

“உங்க ஹோட்டல்ல ஒருத்தர் சமையல் தொடர்ந்து கெட்டுப்போகுது. காரணம் நீங்கதான், அவருக்குத் தெரியாது. என்ன பண்ணுவீங்க?” என்று கணவரிடம் கேட்டார்.

“யார் சமையல் கெட்டுது?”

“அண்ணன் சமையல்.”

கணவர் கரண்டியைக் கீழே வைத்தார். “நான் அப்பவே சொன்னேன், பாட்டில் பாட்டிலா கொண்டு வராதன்னு.” பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தார். “போய்ச் சொல்லிடு. அவர் தன் கையைத் திட்டிக்கிட்டு உக்காந்திருப்பாரு. சமையல்காரனுக்கு நாக்கு போச்சுன்னா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்.”

விடை வந்தது. திரையில் அதைப் படித்தபோது அக்கா வாய்விட்டுச் சிரித்தார்; வேலையில் இருபது வருடத்தில் அவருக்கு வந்த மிகப் பெரிய சந்தோஷம் அது என்பதை மறைக்க முடியாது. சிரித்து முடித்ததும் அழுகை வந்தது. இரண்டையும் துடைத்துக்கொண்டு நேராக இயக்குநர் அறைக்குப் போனார். கைராசிக்காரரையும் அங்கே வரச் சொன்னார்.

“அண்ணே, என் வைரஸ் உங்க பெருந்தீனிக்குள்ள போயிருக்கு. சிலதைத்தான் கொன்னிருக்கு. மிச்சத்துல சத்தமில்லாம அதோட டி.என்.ஏ.வுக்குள்ள நுழைஞ்சு குடியேறியிருக்கு. எங்க குடியேறியிருக்கு தெரியுமா? வாசலைக் கட்டுற வேலைக்குன்னு ஒரு துண்டு இருக்கே, அதுக்கு நட்டநடுவுல! துண்டு ரெண்டாப் பிளந்துருச்சு, வாசல் அடைஞ்சு போச்சு. வெளிய இருந்து ஒரு துணுக்கு உள்ள போக வழியில்ல.”

“அதுல அதுக்கு என்ன லாபம்?” என்றார் இயக்குநர்.

“இருக்கும்மா. வாசல் திறந்திருந்தா, பக்கத்துல செத்த சொந்தக்காரனோட நல்ல துண்டு உள்ள வரலாம். வந்து சரியா அந்த இடத்துல பொருந்துச்சுன்னா, நடுவுல உக்காந்திருக்கிறவன் வெளிய போக வேண்டியதுதான். அதனாலதான் குடித்தனக்காரன் வந்ததும் முதல் வேலையா கதவை அடைச்சுட்டான்னு எனக்குத் தோணுது. இன்னும் நிரூபிக்கணும்.” பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். “கொண்டு போய் விட்டது இது. அதாவது நான். உங்க கையில ஒண்ணுமில்லண்ணே.”

இயக்குநர் நல்லவர்; ஆனால் சட்டம் சட்டம்தான். மறுநாளே வைரஸ் மேசை கீழ்த்தளத்துக்கு, பம்ப் அறைக்குப் பக்கத்தில் போக வேண்டும் என்றார். அக்கா தலையாட்டினார். “நல்லதாப் போச்சு, சாக்கடை இன்னும் கிட்ட” என்று சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

கைராசிக்காரர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் அக்காவைப் படுத்தியது. சாமான்கள் கீழே இறங்கிக்கொண்டிருந்தபோது படிக்கட்டில் நின்று கேட்டார்: “அண்ணே, அறை முழுக்கச் சுத்தம் பண்ணியாச்சு. ஆதிகாலத்துக் குழாய்ல இருந்து புதுசா எடுத்து ஒரு தடவை ஊட்டிப் பாருங்களேன்.”

“வேண்டாம்மா.”

“ஏண்ணே?”

“இப்ப எல்லாரும் வைரஸ்தான்னு சொல்றாங்க. அப்படியே இருக்கட்டும், நான் ஸ்டோருக்குப் போயிடுறேன். போட்டுப் பாத்து அதுவும் வரலன்னு வை, என் கைதான்னு ஆயிடும். அது எனக்கு வேண்டாம்.”

அக்கா கையிலிருந்த பெட்டியைப் படியில் வைத்தார். பிறகு சொன்னார்: “வரலன்னா நானும் ஸ்டோருக்கு வந்துடுறேன். ரெண்டு பேரும் உக்காந்து கையுறை எண்ணுவோம். நீங்க இடது கை, நான் வலது கை.”

கைராசிக்காரரின் உதடு லேசாக அசைந்தது. அவருடைய முகத்துக்கு அது சிரிப்புதான்.

அவர் ஊட்டிய அன்று அக்கா அந்த மாடிக்கு வந்தார். ஆனால் மூக்குக்கண்ணாடி கீழ்த்தளத்திலேயே இருந்தது. குளித்து, வீட்டிலிருந்து துவைத்துக் கொண்டு வந்த உடைக்கு மாறி, அறைக்கு வெளியே நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தார். உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பேசாமல் உட்கார்ந்திருக்கும் அக்காவைப் பார்த்த இரண்டு பேர் உடம்பு சரியில்லையா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலை மறுபடியும் அதே வேஷத்தில் வந்து கதவுக்கு வெளியே நின்றுகொண்டார். உள்ளே, தட்டுகளைச் சூட்டில் வைக்கும் இன்குபேட்டர் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு கையுறை கழற்றும் சத்தம், குழாயில் தண்ணீர் விழும் சத்தம். கைராசிக்காரர் முழங்கையால் கதவைத் தள்ளிக்கொண்டு மூடிய தட்டோடு வெளியே வந்தார். முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. அது எப்போதுமே படிக்க முடியாத முகம். தட்டை அக்காவின் கண்ணுக்கு நேராக நீட்டினார்.

வெள்ளெழுத்துக் கண்ணுக்குத் தட்டு ஒரு மங்கலான வட்டமாகத்தான் தெரிந்தது. “எனக்குத் தெரியலண்ணே. வந்திருக்கா? சும்மா சொல்லிடுங்க, வந்திருக்கா?”

கைராசிக்காரர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, ஒற்றைக் கையால் அக்காவின் காதுகளில் மாட்டிவிட்டார். கையில் நடுக்கம் ஏதும் இல்லை.

கண்ணாடி அக்காவுக்குப் பெரிது. மாட்டிய உடனே நழுவி மூக்கு நுனிக்கு வந்தது. அக்காவின் விரல் தானாக மேலே எழும்பிப் பாதி வழியில் நின்றது. கையைக் கீழே இறக்கி, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கோத்துக்கொண்டு, முகத்தை மட்டும் அண்ணாந்து, மூக்கு நுனியில் தொங்கிய கண்ணாடி வழியாகத் தட்டு கொள்ளாமல் பூத்திருந்த புள்ளிகளைப் பார்த்தார்.